அவரை யார் கூட்டிக்கொண்டு போனது?

சென்ற ஆண்டு ஹுத்தான் மெலிந்தாங்கில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்காக ஒரு தன்முனைப்பு முகாம் நடந்தது. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். பேச வந்தவர் கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜனின் கதையைச் சொன்னார். ஏழைத் தறித் தொழிலாளியின் மகன், சாலையோரக் கடை நடத்திய தாய், டென்னிஸ் பந்தில் விளையாடிய சிறுவன், பிறகு ஆஸ்திரேலியாவில் இந்திய அணியின் சட்டை. ஐந்து நிமிடத்தில் கதை முடிந்தது. "அவரால் முடிந்தது என்றால் உங்களால் ஏன் முடியாது?" என்று கேட்டார். மாணவர்கள் கைதட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கையை உயர்த்தினான். "சார், அவர மெட்ராஸுக்கு யாரு கூட்டிக்கிட்டுப் போனா?"

பேச்சாளர் சிரித்துவிட்டு, "அவருடைய உழைப்புதான் தம்பி அவரைக் கூட்டிக்கொண்டு போனது" என்றார். மறுபடியும் கைதட்டல். பையன் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த மண்டபத்தில் அன்று கேட்கப்பட்டவற்றிலேயே விவரமான கேள்வி அதுதான். நாம் சொன்ன பதில்தான் விவரமற்றது. ஆகவே அந்தப் பையனுக்குச் சேர வேண்டிய பதிலை இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

முதலில் சற்றுத் தூரமான ஓர் உதாரணம். அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டில் ஆண்டுதோறும் ஒரு தேர்வு நடக்கிறது. பெரிய குழுக்கள் வரிசையாகப் பெயர்களை அழைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்கின்றன. பெயர் அழைக்கப்படாதவனுக்கும் அங்கே ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு குழு அவனைச் சிறு சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்து 'மைனர் லீக்' எனப்படும் கீழ்ப்படி ஆட்டங்களில் இறக்கிவிடும். அங்கிருந்து ஒவ்வொரு படியாக அவன் ஏற வேண்டும். அந்த ஏணியில் ஏறியவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் வீரர் ரிங்கு சிங், 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வென்று, அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரட்ஸ் குழுவில் தினேஷ் பட்டேலுடன் ஒப்பந்தமானார். அதற்கு முன் பேஸ்பாலைக் கையில் பிடித்தறியாதவர். 2009-இல் அடிமட்ட லீக்கில் தொடங்கி, 2012-இல் மேற்கு வர்ஜீனியா குழுவுக்குப் பந்தெறியும் அளவுக்கு உயர்ந்தார். பிறகு முழங்கைக் காயம் அவரை நிறுத்தியது. மேல்தளத்தை அவர் எட்டவில்லை. ஆனாலும் நான்கு பருவங்கள் ஏறுவதற்கு அவர் காலடியில் படிகள் இருந்தன. அவர் கதையைப் படமாகவும் எடுத்தார்கள். 2014-இல் வந்த அந்தப் படத்துக்கு ஏ.ஆர். ரகுமான் இசையமைத்ததால் நம்மில் சிலர் பார்த்திருப்போம்.

ரிங்கு சிங் இடையில் ஒரு பருவம் ஆஸ்திரேலியாவில் கான்பெரா குழுவுக்காகப் பந்தெறிந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பர் 2-ஆம் நாள், அதே கான்பெரா நகரத்தில்தான் நடராஜன் இந்தியாவுக்காக முதன்முதலில் பந்து வீசினார். வெறும் தற்செயல்தான். ஆனால் இருவரும் எந்தத் தேர்வுப் பட்டியலிலும் பெயர் இல்லாமல் தொடங்கியவர்கள்.

இனி நடராஜனுக்கு வருவோம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் 1991-இல் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயதை நெருங்கும்வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்துதான். முறையான கிரிக்கெட் பந்து கிட்டத்தட்ட 160 கிராம் எடை. டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. இலேசான பந்து, சிறிய திடல், தூக்கி அடிக்கும் மட்டையாளர்கள். அந்த ஆட்டத்தில் பந்து வீச்சாளன் கொஞ்சம் குறைவான அளவில் பந்தைக் குத்தினால்கூட அது எல்லைக்கு வெளியே போய்விழும். அவனுக்கு இருக்கும் ஒரே தற்காப்பு, மட்டையாளரின் கால் விரலை நோக்கி நேராக இறங்கும் யார்க்கர். பிற்காலத்தில் உலகமே வியந்த அந்த யார்க்கர் எந்தப் பயிற்சிக் கழகத்திலும் பிறக்கவில்லை. கிராமத்துப் போட்டிகளில் அடிவாங்காமல் தப்பிக்கும் அவசியத்தில் பிறந்தது.

முகாமில் சொல்லப்பட்ட கதை இந்த இடத்திலிருந்து ஒரே தாவலில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுகிறது. நடுவில் கிடப்பது ஏறக்குறைய பத்தாண்டுகள். அந்தப் பத்தாண்டுகளில்தான் பையனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

கூட்டிக்கொண்டு போனவரின் பெயர் ஜெயப்பிரகாஷ். அதே ஊர்க்காரர். தாமும் டென்னிஸ் பந்து ஆட்டக்காரர். ஊரில் கிரிக்கெட் குழு நடத்தியவர். நடராஜனின் கையைப் பார்த்து, இது இந்த ஊரோடு முடிய வேண்டியதில்லை என்று முதலில் சொன்னவர் அவரே. சென்னைக்குப் போகச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை, போக வழியும் செய்தார். பிற்காலத்தில் நடராஜன் தம் ஆட்டச் சட்டையில் ஜே.பி. என்ற எழுத்துகளைத் தாங்கி ஆடியது அவருக்காகத்தான். பொதுவாக ஆட்டக்காரர்கள் சட்டையில் தம் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். இவர் தம்மைக் கூட்டிக்கொண்டு போனவரின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். முகாம் பேச்சுகளில் இந்த இரண்டு எழுத்துகள் ஏன் விடுபட்டுப் போகின்றன என்று எனக்குப் புரியவில்லை.

ஜெயப்பிரகாஷ் ஒருவர் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. சென்னைக்குப் போய் இறங்கியதும் அங்கே ஆடுவதற்கு ஓர் இடம் இருந்தது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக்கில் முதற்பிரிவு இருப்பது போலவே கீழ்ப்பிரிவுகளும் உண்டு. 2010-11 பருவத்தில் நடராஜன் நான்காம் பிரிவில் பி.எஸ்.என்.எல். அணிக்காக ஆடினார். நான்காம் பிரிவு! நம்மில் யாராவது ஒரு மகன் வீட்டுக்கு வந்து "அப்பா, நான் நான்காம் பிரிவில் ஆடுகிறேன்" என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு சன்மார் நிறுவனம் ஆதரிக்கும் ஜாலி ரோவர்ஸ் என்று படிப்படியாக ஏறினார். பெரிய நிறுவனங்கள் பல்லாண்டுகளாகப் பணம் போட்டு இப்படிக் குழுக்களை வளர்ப்பது சென்னையின் பழைய வழக்கம். தறிக்காரர் மகனுக்கு ஒரு காலணி வாங்கித் தரவும் ஒரு வேளைச் சோற்றுக்கு வழி செய்யவும் அந்த வழக்கம் தேவைப்பட்டது.

2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காள அணிக்கு எதிராக ரஞ்சி ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்காக அறிமுகமானார். அந்த ஆட்டத்துடனேயே அவர் பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்று புகார் எழுந்தது. முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் அது வீச்சு ஆகாது, எறிதல் ஆகிவிடும் என்பது கிரிக்கெட் விதி. (பேஸ்பாலில் அதே கை வளைவுதான் திறமை என்பது வேறு கதை.) ஏறத்தாழ ஓராண்டு போட்டிகளிலிருந்து விலகி இருந்தார். கிராமத்திலிருந்து வந்தவன், வயது இருபத்து மூன்று கடந்துவிட்டது, முதல் வாய்ப்பிலேயே கறை. எத்தனை பேர் அந்த இடத்தில் பேருந்து ஏறி ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்! நடராஜன் திரும்பவில்லை, உண்மை. அவருடைய மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓராண்டில் தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள் சுனில் சுப்பிரமணியம், வாசு, வெங்கடரமணா ஆகியோர் அவருடன் உட்கார்ந்து அவர் கையை முதலிலிருந்து திருத்தினார்கள். தவறு செய்தவனைத் துரத்தாமல், அவனைத் திருத்துவதற்கென்று நேரம் ஒதுக்கிய ஓர் அமைப்பு அங்கே இருந்தது. என் கணக்கில் அந்தக் கதையின் உச்சம் ஆஸ்திரேலியா அன்று. யாரும் பார்க்காத அந்த ஓராண்டுதான்.

2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கியது. திண்டுக்கல் அணிக்காக ஆடிய நடராஜன், தூத்துக்குடிக்கு எதிரான ஆட்டம் சமநிலையில் முடிந்தபோது, கூடுதல் ஓவரில் ஆறு பந்துகளையும் யார்க்கராக இறக்கினார். ஆட்டம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. அந்தப் பருவத்தில் அவர் எடுத்த விக்கெட்டுகள் இரண்டே இரண்டு. காயமும் சேர்ந்துகொண்டது. 2018-இல் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018-இலும் 2019-இலும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறக்கப்படவில்லை. இரண்டு முழு ஆண்டுகள் பெஞ்சில்! ஆனால் அணி அவரைக் கைவிடவில்லை, சம்பளம் நின்றுவிடவில்லை, வலைப்பயிற்சியில் பந்து வீச இடம் இருந்தது.

2020-இல் புவனேஷ்வர் குமார் காயமுற்றபோதுதான் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள். நவம்பர் 6-ஆம் நாள் அபுதாபியில் டி வில்லியர்ஸின் நடுக்குச்சியைப் பெயர்த்த யார்க்கரை நம் விடுதி அறைகளில் எத்தனை பேர் திரும்பத் திரும்பப் பார்த்திருப்போம்! அதற்குப் பிறகும் இந்திய அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராகவே ஆஸ்திரேலியாவுக்குத் தேர்வானார். வருண் சக்கரவர்த்திக்குக் காயம், இவர் இருபது ஓவர் அணியில். பிறகு ஒருவர் மாற்றி ஒருவராகக் காயம், 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத அந்தத் திடலில் இந்தியா வென்றது. கேப்டன் ரஹானே கோப்பையை வாங்கிவந்து நடராஜன் கையில் கொடுத்தார்.

இங்கே கதையை நிறுத்தினால் முகாமுக்கு நல்லது. நான் நிறுத்தப்போவதில்லை, ஏனென்றால் படிகளைப் பற்றிப் பேசும்போது சறுக்கலையும் பேச வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. 2021 மார்ச்சுக்குப் பிறகு 2025 முடிய இந்தியாவுக்காக அவர் ஆடவில்லை. 2024 ஐ.பி.எல். தொடரில் 19 விக்கெட்டுகள் எடுத்தார். 2025-இல் டெல்லி அணி 10 கோடியே 75 லட்சம் கொடுத்து வாங்கி இரண்டே ஆட்டங்களில் இறக்கியது. ஒரு தேர்வு நடந்துவிட்டால் வாழ்க்கை தீர்மானமாகிவிடுவதில்லை, இரு திசையிலும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பெர்னாம் ஆற்றுப் பக்கத்து ஹுத்தான் மெலிந்தாங்கில் பிறந்தவர்களுக்குத் தோட்டத் திடல் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஜெண்டராட்டா போன்ற தோட்டங்களின் லயத்துப் பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் கூடிய இடம் அது. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் காற்பந்து நடக்கும். அதில் நன்றாக ஆடுபவன் மாவட்டத்துக்குப் போவான், மாவட்டத்தில் தெரிந்தவன் மாநிலத்துக்குப் போவான். கோல்காவலர் ஆறுமுகத்தை 'சிலந்தி மனிதன்' என்று கொண்டாடிய தலைமுறை அந்தத் திடல்களில் நின்றே கனவு கண்டது. பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது ஒரு நான்காம் பிரிவு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, வேலைக்கு வெளிநாட்டவர் வந்து, நம் குடும்பங்கள் பட்டணத்து வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, வீடும் வேலையும் போனதைப் பற்றி நிறையப் பேசினோம். அந்த முதற்படி போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மேலே இருக்கும் படிகளும் பத்திரமாக இல்லை. மலேசியக் காற்பந்தில் இரண்டாம் தளமாக இருந்த பிரிமியர் லீக் 2022-உடன் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப 2024-இல்தான் அரைத்தொழில்முறை லீக் ஒன்று வந்தது. 2025-26 பருவத்தில் சூப்பர் லீக்கில் பேராக் அணியே இல்லை. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 2020-இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தேர்வுச் சுற்றுகளை 40-லிருந்து 5-ஆகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டே மைனர் லீக்கில் 40-க்கும் மேற்பட்ட குழுக்களின் இணைப்பைத் துண்டித்து 120 ஆக்கினார்கள். பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் எங்கேயும் முதலில் வெட்டுவது அடிப்படிகளைத்தான். அதனால் வரும் இழப்பு யார் கணக்கிலும் வராது. ஏறாமல் போனவன் பெயர் யாருக்குத் தெரியும்?

விளையாட்டை விட்டு ஒரு நிமிடம் நம்மையே பார்ப்போம். நம் சமுதாயத்தின் பெரிய தேர்வு எஸ்.பி.எம்.முக்குப் பிறகு நடக்கிறது. மெட்ரிகுலேஷன் முடிவு வெளிவரும் வாரத்தில் ஆண்டுதோறும் அறிக்கைகள் பறக்கும், நாளிதழ்களில் படங்கள் வரும். அந்த ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் ஒரு மாதம் கழித்து, கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் நம் கழகத்தில் யாரிடமும் பதில் இல்லை. ஆறாம் படிவம் என்ற ஏணி இன்னும் அங்கேயே நிற்கிறது. இந்த மலரைப் படிப்பவர்களில் எஸ்.டி.பி.எம். வழியாக வந்தவர்கள் கையை உயர்த்தினால் எத்தனை கைகள் உயரும்! ஆனால் ஊரில் ஆறாம் படிவத்தை இன்னும் 'நான்காம் பிரிவு' போலத்தான் பேசுகிறார்கள்: கடினம், நேரம் வீண், அதற்குப் பேசாமல் வேலைக்குப் போகலாம்.

நாமும் அந்த எண்ணத்துக்குத் துணை போகிறோம் என்பது என் குற்றச்சாட்டு. நம் கழகம் ஆண்டுதோறும் எத்தனை 'ஏ' பெற்றவர்களுக்குப் பரிசளிக்கிறது என்று பாருங்கள். தேர்வானவனைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுவதற்கு நாம் எதற்கு? அதற்கு ஊரே இருக்கிறது. தோட்டப்புறங்களுக்குப் போகிறோம், பேசுகிறோம், கைதட்டல் வாங்குகிறோம், மாலையில் பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு கோலாலம்பூர் திரும்புகிறோம். ஜெயப்பிரகாஷ் செய்தது பேச்சன்று. அவர் நடராஜனின் பெயரையும் வீட்டையும் அறிந்தவர். அடுத்த வாரமும் அங்கேயே இருந்தவர். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒவ்வொருவரும் தம் ஊரில் தேர்வாகாத ஒரே ஒருவரின் தொலைபேசி எண்ணை வைத்திருந்து, விண்ணப்பம், மேல்முறையீடு, விடுதி, பேருந்துக் கட்டணம் என்று ஓராண்டு உடன் நடக்கட்டும். முகாமுக்கு ஆகும் செலவில் இது பாதிகூட ஆகாது.

"எல்லாருக்கும் ஜெயப்பிரகாஷ் கிடைக்க முடியுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சின்னப்பம்பட்டியைப் பாருங்கள் என்றேன். 2019 தமிழ்நாடு பிரிமியர் லீக் இறுதியாட்டத்தில் சேப்பாக்கம் அணிக்காக 5 விக்கெட்டுகள் எடுத்த பெரியசாமி அதே ஊர்க்காரர். 2023 ஜூனில் நடராஜன் தம் ஊரில் ஒரு கிரிக்கெட் திடலைக் கட்டித் திறந்தார். ஒருவன் ஏறிய இடத்தில் அடுத்தவனுக்குப் படி போடுகிறார்கள்.

முகாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பையனைத் தேடிப் பிடித்தேன். எதற்காக அந்தக் கேள்வி கேட்டாய் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, தனக்காக இல்லை, அண்ணனுக்காக என்றான். அண்ணன் எஸ்.பி.எம். முடித்துவிட்டு மெட்ரிகுலேஷனுக்காகக் காத்திருந்து, கிடைக்காமல் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். ஆறாம் படிவத்துக்கு வந்த கடிதம் சாமி மேடைக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறதாம்.

மறுநாள் காலை வீட்டுக்குப் போனேன். அம்மா தேநீர் கொடுத்தார். கடிதத்தில் இருந்த பதிவு நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அண்ணன் இரவு வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து நான் சொன்னதை எல்லாம் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பி மோட்டார் சைக்கிளை உதைத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, தெலுக் இந்தானுக்குக் காலையில மொத பஸ் எத்தன மணிக்கு?"